பதினொரு குரலும் ஒரு பங்கும்

1

சுங்கக் கந்தோரிலிருந்து நேற்று ஒரு அறிவித்தல் துண்டு வந்தது. இலங்கையிலிருந்து என் பெயருக்கு ஒரு பொதி வந்திருக்கிறதாம். உள்ளே இருப்பது பற்றி நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம். 'விளக்கம்' என்ற சொல்லின் கீழே யாரோ பேனாவால் கோடும் இழுத்திருந்தார்கள்.

போனேன். கதவைத் திறந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வெளியே பனி கொட்டுகிறது, கந்தோரின் இரண்டு யன்னல்களும் விரியத் திறந்து கிடக்கின்றன. மேசையில் வெள்ளைத் துணியில் சுற்றி, சாக்கு ஊசியால் தைத்த ஒரு பொதி. அறை முழுக்கக் கருவாட்டு மணம். ஏழு வருடமாக என் மூக்குக்குக் கிடைக்காத மணம் அது. நான் ஆசையாக ஒருதரம் மூச்சை இழுத்தேன். உத்தியோகத்தர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இளம் வயது, நல்ல மரியாதையானவர். "இது என்ன?" என்று கேட்டார்.

"மீன்."

"நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்?"

"மீன் தொழிற்சாலையில்."

அவர் யன்னலால் வெளியே பார்த்தார். துறைமுகம் தெரிந்தது. கரை நீளத்துக்கு மரச் சட்டங்களில் ஆயிரக்கணக்கில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. வடநோர்வேயின் இந்தச் சின்ன ஊரில் மீனைத் தவிர வேறொன்றும் இல்லை. "இந்த ஊருக்கா மீன் அனுப்பியிருக்கிறார்கள்?" என்றார். நியாயமான கேள்விதான்.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். அதில் இரண்டு கட்டங்கள். அன்பளிப்பா, விற்பனைப் பொருளா? ஒன்றில் புள்ளடி போட வேண்டும். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விற்பனைப் பொருள் இல்லை. அன்பளிப்பு என்று போட்டால் அனுப்பியவருக்குச் செய்யும் துரோகம். "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இவன் எதையோ மறைக்கிறான் என்று அவர் நினைத்திருப்பார்.

ஏன் புள்ளடி போட முடியவில்லை என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும். அந்தத் தம்பிக்கு விளங்கப்படுத்த என்னுடைய நோர்வீஜிய மொழி காணாது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

என் பாட்டு ஒன்றில் பதினொரு பேர் பாடுகிறார்கள். பதினொரு பேரும் நான்தான்.

என் மகள் ஆதிரைக்கு ஆறு வயது. போன வருடம் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, "அப்பா, இவையெல்லாம் ஆர்?" என்று கேட்டாள். நான் என்று சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப உங்களுக்கு ஒரு சிநேகிதரும் இல்லையோ?" என்றாள். மனைவி பவளம் குசினிக்குள் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது.

சிநேகிதர் இல்லாமல் இல்லை. ஆனால் உடுக்கும், ஆர்மோனியமும், மின் கிற்றாரும், கூத்துப் பாட்டின் இழுவையும் ஒரே பாட்டில் வேண்டும், அந்தப் பாட்டு பன்னிரண்டு நிமிடம் போக வேண்டும், அதில் ஆறு கணக்கும் ஏழு கணக்கும் கூடவே ஓட வேண்டும் என்று சொன்னால் இந்த ஊரில் யார் வருவார்கள்? ஆகவே எல்லாவற்றையும் நானே வாசிக்கிறேன். வழி லேசானது. என்னிடம் இரண்டு ரேப் றெக்கோடர் இருக்கின்றன. ஒன்றில் தாளத்தைப் பதிவேன். அதை ஓடவிட்டுக் கூடவே ஆர்மோனியம் வாசிக்க, இரண்டும் சேர்ந்து மற்றதில் பதியும். பிறகு அதை ஓடவிட்டு கிற்றார். இப்படியே மாறி மாறி. ஒவ்வொரு தரமும் இரைச்சல் கொஞ்சம் ஏறும், முதலில் வாசித்தது கொஞ்சம் அமிழும். எது தெளிவாகக் கேட்க வேண்டுமோ அதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடமும், பவளத்தின் பொறுமையில் முக்கால்வாசியும் செலவாகின.

ஸ்ரூடியோ எங்கள் மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் துவைப்பறை. கொங்கிறீற் சுவர், நல்ல எதிரொலி. அங்கே துணி துவைக்க நேரம் எழுதி வைக்கும் பட்டியல் ஒன்று தொங்கும். ஞாயிறு முற்பகல் முழுவதும் என் பெயர்தான். மேல்வீட்டு இங்கிரிட் ஒருநாள் கதவைத் தட்டினார். "உங்கள் வீட்டில் மூன்று பேர். ஒரு பட்டாளத்துக்குத் துவைக்கிறீர்களே?" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஆர்மோனியம், தரையில் தாளத்துக்கு மீன் பெட்டிகள், தூணில் சுற்றிய ஈரக் கயிறு. அது கிறீச்சிடும் சத்தமும் பாட்டில் வேண்டும்.

சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அவர் ஒரு பெட்டியோடு வந்தார். அவருடைய தகப்பனின் பிடில். தடவும் தந்திகளுக்குக் கீழே, யாரும் தொடாமலே கூட அதிர்வதற்கென்று வேறு தந்திகள் உள்ள இந்த நாட்டுப் பிடில். "வீட்டில் ஒருத்தரும் வாசிப்பதில்லை" என்று என் கையில் தந்துவிட்டுப் போனார். குடிவரவுக் கந்தோரில் ஒருதரம் "வேறு என்ன தொழில்?" என்று கேட்டபோது "சங்கீதம்" என்றேன். "எங்கே வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "துவைப்பறையில்" என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்கள். இந்த நாட்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

3

எல்லா வாத்தியத்தையும் நான் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் எங்கள் கோஷ்டி வாசிக்கும். ஆறு பேர். எந்த நாளிலும் ஒருவன் வரமாட்டான். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். வராதவனுடைய வாத்தியம் என் தலையில் விழும். அப்படித்தான் பொங்கோவும் மெண்டலினும் ஆர்மோனியமும் எனக்கு வந்து சேர்ந்தன. வராமல் விட்ட அத்தனை பேருக்கும் இன்றைக்கு நன்றி சொல்கிறேன்.

கோஷ்டி இல்லாத நாளில் நான் கடற்றொழிலாளி. எங்கள் வீடு பருத்தித்துறைப் பக்கம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கினால் வடமராட்சி கிழக்குக் கரைக்குப் போய், ஓலை வாடி போட்டுத் தங்கிக் கரைவலை இழுப்போம். வலை பெரிது. தோணி அதை வளைத்துக் கடலில் இறக்கிவிட்டு வரும். அதன் இரண்டு கயிற்றையும் கரையில் தூரத்தூர நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் கிட்டக்கிட்ட வரும். மீன் விழுந்த வலையின் மடி கரையைத் தொடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் நிற்போம். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுத்தபடி பதில் சொல்வார்கள். வலது கயிற்றில் அம்பா எடுப்பது என் அண்ணை செல்லத்துரை. அண்ணைக்குப் பின்னால், மூன்றாவது இடம் எனக்கு.

கயிற்றில் ஒரு முறை உண்டு. தண்ணீர் விடாய்க்கோ வேறு எதற்கோ விலக வேண்டியவன், அடுத்து நிற்பவனிடம் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். அவன் அந்தப் பாரத்துக்குக் காலை ஊன்றிக்கொள்வான். சொல்லாமல் விட்டால் கயிறு ஒரு ஆட்டு ஆட்டும். பின்னால் நிற்பவர்கள் மணலில் விழுவார்கள். சின்ன வயதிலேயே இதற்குக் காதைத் திருகிப் பழக்கிவிடுவார்கள்.

நான் சொல்லாமல் போனேன்.

நோர்வேக்குப் போக வழி கிடைத்தது சோளகத்தின் நடுவில். அண்ணை மறிப்பார் என்று பயம். "அரியாலையிலை ஒரு கலியாண வீடு, வாசிச்சுப்போட்டு நாளைக்கு வாறன்" என்று பொய் சொல்லிவிட்டு கிற்றாரோடு பஸ் ஏறினேன். அரியாலையில் கலியாண வீடும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. நேரே கொழும்பு, அங்கிருந்து விமானம். அடுத்த நாள் விடிய வலது கயிற்றில் மூன்றாவது இடம் வெறுமையாகக் கிடந்திருக்கும். நான் போன சங்கதியை மூன்று நாள் கழித்து ஒரு பஸ் கொண்டக்டர்தான் அண்ணைக்குச் சொன்னாராம்.

ஏழு வருடத்தில் அண்ணையிடமிருந்து ஒரு வரி வரவில்லை. நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் அண்ணிதான் பதில் போடுவார். ஊர்ப் புதினம் முழுக்க இருக்கும். ஊரில் நடப்பவற்றை வாசிக்க நெஞ்சு பதறும். கடைசியில் எப்போதும் ஒரே வசனம். 'அண்ணை சுகமாக இருக்கிறார்.' அண்ணை என்ன சொன்னார் என்று ஒருநாளும் இருக்காது. என்ரை அண்ணை என்னோடு கதைக்க வேண்டும். ஏழு வருடமாக எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

4

அந்தப் பன்னிரண்டு நிமிடப் பாட்டை அதற்காகத்தான் செய்தேன். ஒரு ஒலிபெருக்கியில் இடது கயிற்றுக் கூட்டம், மற்றதில் வலது கயிற்றுக் கூட்டம். இடது பக்கம் ஆறு கணக்கில் ஆர்மோனியமும் உடுக்கும். வலது பக்கம் ஏழு கணக்கில் கிற்றாரும் மீன் பெட்டியும். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தனித்தனியாக நடக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வரும். கடைசியில் பிடிலும் சேர்ந்து எல்லாம் ஒரே தாளத்தில் வேகம் பிடித்து இடி மாதிரி முடியும். தாளம் பிசகாமல் இருக்க, டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோம் ஒன்றைக் காதில் கேட்டபடியே அத்தனையையும் வாசித்தேன்.

அம்பா வரிகள் என்னுடையவை.

வெள்ளை மணலிலே கால் புதையுது – ஏலேலோ
விட்டு வந்தவன் கை குளிருது – ஏலேலோ

வெள்ளை மணல் என்று நான் எழுதியது பனியை. 'ஏலேலோ' என்ற பதிலையும் நானே பத்துத் தரம் பாடி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன்.

பாட்டை ஒரு கசெற்றில் ஏற்றி அண்ணிக்கு அனுப்பினேன். வெளிநாட்டுச் சாமான்களுக்கு நாட்டைத் திறந்துவிட்ட பிறகு யப்பான் றேடியோ கசெற் இல்லாத வாடியே இல்லை என்று அவர் எழுதியிருந்தார். கூட ஒரு துண்டில், 'இதை அண்ணை ஒருதரம் கேட்டால் போதும், ஒன்றும் சொல்லத் தேவையில்லை' என்று எழுதினேன். அதுவும் பொய்.

இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. தபால்காரரைக் கண்டாலே எனக்குக் கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? பிறகு அண்ணியின் நீலக் கடிதம் வந்தது. 'வாடியில் எல்லோரும் இருந்து கேட்டோம். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலமை றேடியோவோடு என்னைக் கடற்கரைக்கு வரச் சொன்னார். பனங்கூடைக்குள் றேடியோவை வைத்து, மணல் போகாமல் சேலைத் துணியால் மூடிக்கொண்டு வலது கயிற்றுக்குக் கிட்ட இருந்து எல்லாவற்றையும் பதிந்தேன். கசெற் பின்னால் வருகிறது.'

5

கசெற் வந்த அன்று வேலைக்குச் சுகவீனம் என்று சொல்லி நின்றுவிட்டேன். முதலில் காற்று. பிறகு அலை. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம். அந்தச் செருமலிலேயே அது அண்ணை என்று தெரிந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டேய் தம்பி. உன்ரை பாட்டைக் கேட்டன். முழுக்கக் கேட்டன். கிற்றார் நல்லாயிருக்கு. அந்தப் பிடில் என்னமா அழுகுது! ஆனா ஒண்டு சொல்லுறன், கோவியாதை. நீ வலை இழுக்கிறாய், கடலை விட்டிட்டாய். அலை கரைக்கு வரேக்கையும் இழுக்கிறாய், திரும்பேக்கையும் இழுக்கிறாய். கடைசியிலை வேறை ஓட்டமா ஓடுறாய். உப்பிடி இழுத்தா மடி கிழிஞ்சு மீனெல்லாம் தன்ரை வீட்டை போயிடும். பிறகு நாங்கள் உன்ரை கிற்றாரை அவிச்சுத் திண்ணுறதோ?"

பின்னால் நின்றவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னுமொண்டு. பதினொரு பேர் பாடுறியள். எல்லாம் நீயெண்டு அண்ணி சொன்னா. ஒருத்தனுக்கும் மூச்சு வாங்கேல்லையே! இழுக்கிறவனுக்கு மூச்சு வாங்காதோடா?"

நான் சோபாவில் இருந்தபடி என் தலையில் அடித்துக்கொண்டேன். பதினைந்து வருடம் அந்தக் கயிற்றில் நின்றவன் நான். அலை வரும்போது இழுக்க வேண்டும், திரும்பும்போது பிடித்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். அதுவும் மடி கரைக்குக் கிட்ட வந்த பிறகு அவசரப்படவே கூடாது. இது எங்கள் கரையில் யாரும் சொல்லித் தருவதில்லை, காலுக்கே தெரியும். டிக் டிக் பெட்டியை நம்பியவனுக்கு அது மறந்துவிட்டது.

இந்த நேரம் ஆதிரை பாலர் பள்ளியால் வந்தாள். "ஆர் அப்பா உது? ஏன் கோவமாக் கதைக்கிறார்?" என்றாள்.

"பெரியப்பா. கோவமில்லை. கடற்கரையிலை அப்பிடித்தான் கதைக்கிறது."

"அவருக்கு எங்களைத் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் சப்பாத்தோடு சோபாவில் ஏறிப் பக்கத்தில் குந்தினாள். அவளுக்குத் தமிழ் வர வரக் குறைகிறது. பாதி வசனம் தமிழில் தொடங்கி மீதி நோர்வீஜியத்தில் முடியும். அதைப் பற்றி ஒரு கவலை எனக்கு எப்போதும் உண்டு.

கசெற்றில் அண்ணை தொடர்ந்தார். "சரி. உன்ரை பாட்டை நாங்கள் ஒருக்கா இழுத்துப் பாக்கிறம், வலை வருதோ எண்டு."

இழுத்தார்கள். நான் எழுதிய வரிகளை வைத்து, கடலில் இறக்கிய வலை முழுவதையும் கரைவரை இழுத்தார்கள். ஒரு வரி, பதில், ஒரு இழுவை. பிறகு அலை திரும்பும் சத்தம் மட்டும். பன்னிரண்டு பதின்மூன்று பேர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு அடுத்த வரி. ஒவ்வொரு நிறுத்தமும் ஒவ்வொரு நீளம். எந்தக் கணக்கிலும் அடங்காது. நான் மூன்று வருடம் துவைப்பறையில் தேடியது அந்த நிறுத்தங்களுக்குள் சும்மா கிடந்தது. தூரத்தில் இடது கயிற்றுக்காரர் வேறொரு அம்பா பாடுவதும், அது வர வரக் கிட்ட வருவதும் கேட்டது.

இரண்டாவது வரியை அண்ணை என்னைப் போலப் பாடவில்லை.

விட்டுப் போனவன் கை குளிருது – ஏலேலோ

அத்தனை பேரும் அதற்குப் பதில் சொன்னார்கள். இங்கே எனக்குக் கை குளிர்வதை அங்கே எங்கள் கரையில் நின்று அண்ணை பாடுகிறார். நான் வாய்விட்டு அழுதேன். ஆதிரை என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு சோபாவில் கிடந்த போர்வையின் நுனியைப் பிடித்து, அண்ணை வரியை முடித்ததும் "ஏலேலோ" என்று இழுத்தாள். அலை திரும்பும்போது இழுக்காமல் நின்றாள். யாரும் சொல்லவில்லை. அடுத்த வரி வரும்வரை போர்வையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கடைசியில் மறுபடி அண்ணையின் குரல், மூச்சு வாங்க.

"மடி வந்திட்டுது. சூடை நல்லா விழுந்திருக்கு, பாரையும் கொஞ்சம். தம்பி, அண்டைக்கு நீ சொல்லாமல் போனனி. கயிறு ஆட்டினது. விழுந்துதான் எழும்பினம். அது அண்டைக்கு. இண்டைக்கு மூண்டாவது இடத்திலை ஒருத்தரையும் விடேல்லை. நீ நிண்டு இழுத்தனி எண்டுதான் பங்கு போட்டிருக்கு. உன்ரை பங்கை அண்ணி காயப் போடுறா. வந்து சேரும்."

அதற்குப் பிறகு மெட்ரோனோமை இங்கிரிட்டின் மகனுக்குக் கொடுத்துவிட்டேன், அவன் பியானோ படிக்கிறான். பாட்டை முதலிலிருந்து செய்கிறேன். இந்த முறை அடியில் ஓடுவது அண்ணையின் கசெற். அதன் நிறுத்தங்களைக் கேட்டுக் கேட்டு கிற்றாரும் பிடிலும் நின்று நின்று வருகின்றன. பதிலுக்கு ஆதிரை பாடுகிறாள், பவளமும் பாடுகிறாள், இங்கிரிட்டும் 'ஏலேலோ' சொல்கிறார். ஒரு குரல்தான் என்னுடையது.

6

இன்று காலை மறுபடி சுங்கக் கந்தோருக்குப் போனேன். யன்னல்கள் இன்னும் திறந்தே கிடந்தன. வரிசையில் நின்று என் முறை வந்ததும் படிவத்தை எடுத்து, இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, கீழே இருந்த இடைவெளியில் எனக்குத் தெரிந்த நோர்வீஜியத்தில் எழுதினேன். 'வலை இழுத்ததற்கு என் பங்கு.'

உத்தியோகத்தர் வாசித்தார். "எப்போது இழுத்தீர்கள்?"

"நாலு மாதம் முன்பு."

"எங்கே?"

"இலங்கையில். வலது கயிற்றில்."

அவர் என் கடவுச்சீட்டைப் புரட்டினார். ஏழு வருடமாக நான் எங்கும் போகவில்லை என்று அதில் தெளிவாக இருந்தது. சரி, அகப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டு, வந்த மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை, கயிறு, பாட்டு, கசெற். அரைவாசி கையால் காட்டினேன். எனக்குப் பின்னால் நின்ற பெரிய மனிதர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.

உத்தியோகத்தர் கடவுச்சீட்டை மூடி என்னிடம் தந்தார். பிறகு, "என் தகப்பன் படகில் போனவர். சம்பளம் இல்லை, பங்குதான். ஒருமுறை கால் முறிந்து வீட்டில் கிடந்தார். அவர் போகாத அந்தப் பயணத்துக்கும் அவருடைய பங்கை வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள்" என்றார். படிவத்தை இழுத்து, நான் எழுதியதை அடித்துவிட்டு, மீனவர் பங்கைக் குறிக்கும் தங்கள் மொழிச் சொல்லைத் தன் கையாலேயே எழுதி, அதன் மேல் முத்திரையைக் குத்தினார்.

பொதியைத் தூக்கித் தோளில் வைத்தேன். வெளியே போகத் திரும்பியவன் நின்றேன். பின்னால் நின்ற அந்தப் பெரிய மனிதர் யார், எவர் என்று எனக்குத் தெரியாது. தமிழும் அவருக்குத் தெரியாது. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் இடத்தை விட்டு விலகினேன்.